சாலிஹா அனுப்பிய லாரி

தண்ணீர் லாரிக்காரர் பலவேசத்துக்குச் சாலிஹா ஆயிரத்து அறுநூறு ரூபாய் கடன்பட்டிருந்தாள். சொந்தச் செலவுக்கு வாங்கியதல்ல. எரியாத தீயை அணைக்க இரண்டு லாரித் தண்ணீர் அனுப்பச் சொன்னதற்கான வாடகை.

சில பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் கூட்டாகத் திருத்தங்கலில் ஓர் உதவிச் சங்கம் வைத்திருந்தார்கள். அதில் போன் எடுக்கும் வேலை அவளுக்கு. எங்கே தீ என்று தகவல் வந்தாலும் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, ஆம்புலன்ஸைக் கிளப்பி, பக்கத்தில் ஓடும் தண்ணீர் லாரிகளைத் திருப்பிவிட வேண்டும். எட்டாவது வரை படித்தவள். கணவர் சாதிக் பாட்சா அச்சாபீஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். கையெழுத்துப் போடத் தடுமாறியவர்கள் கட்டி எழுப்பிய ஊர் இது. இங்கே பத்திரத்தைவிட வாய்ச்சொல்லுக்கு மதிப்பு அதிகம். "வாடகைக்கு நான் பொறுப்பு" என்று ஒரு தடவை அவள் சொல்லிவிட்டாள். போய்ப் பார்த்தால், மணிகண்டராஜ் மேனேஜராக இருக்கும் கம்பெனியில் கழிவு வெடிமருந்தை எரித்த புகை. விபத்து நடந்தால்தான் சங்கம் பணம் தரும் என்று கைவிரித்துவிட்டார் செயலாளர் ராக்கப்பன். கடன் அவள் தலையில் விடிந்தது.

இரண்டாயிரத்து ஆறு, சித்திரை வெயில். தீத்தொண்டு வாரம் நடந்துகொண்டிருந்தது. லாரிக்காரர்களுக்கும் ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் துண்டு போர்த்தும் விழாவுக்கு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். போன் மணி அடித்தது.

"யக்கா, வெம்பக்கோட்டை ரோட்டுல டீக்கடை சோலையம்மா பேசுதேன். மணிகண்டராஜ் மேனேஜரா இருக்காகல்லா, அந்தக் கம்பெனிக்குள்ள கரும்புகையா வருது."

போன தடவையும் புகை என்று சொன்னது இதே சோலையம்மாள்தான்.

கம்பெனிக்குப் போட்டாள். மணிகண்டராஜே எடுத்தார்.

"ஒண்ணுமில்லம்மா, வேஸ்ட்டு எரிக்கோம். நீ பாட்டுக்கு லாரி கீரி அனுப்பி எங்களைச் சந்தி சிரிக்க வச்சிராத."

போன் வைக்கப்பட்டது. ஆனால் வைப்பதற்கு முன்னால் அவர் குரலுக்குப் பின்னே வேறு குரல்கள் கேட்டிருந்தன. "மாரி... ஏ மாரி... செல்வி எங்கடீ..."

கழிவு எரிக்கிற இடத்தில் யாரும் பேர் சொல்லித் தேட மாட்டார்கள்.

அவள் தீயணைப்பு நிலையத்துக்குப் போட்டாள். விருதுநகரில் வத்தல் குடோன் எரிகிறது, வண்டி அங்கே நிற்கிறது, வேறு ஊரிலிருந்து அனுப்புகிறோம் என்றார்கள். ஆம்புலன்ஸைக் கிளப்பினாள். அடுத்து, விரல் கூசினாலும் பலவேசத்தின் நம்பரை அழுத்தினாள்.

"அண்ணாச்சி, எங்கன இருக்கீக?"

"வெம்பக்கோட்டை ரோட்டுலதான். கல்யாண மண்டபத்துக்கு லோடு போகுது, ரொக்கக் கிராக்கி. நீ எப்பத் தரப் போற?"

"லாரியத் திருப்புங்க அண்ணாச்சி. மணிகண்டராஜ் கம்பெனியில தீ."

"யாரு சொன்னா?"

"புகையச் சோலையம்மா சொன்னா. மேனேஜரு இல்லைங்காரு."

"நல்லாருக்கு. இல்லைங்கிறவன் வீட்டுக்கு ரெண்டாந்தடவ தண்ணி கொண்டுபோகச் சொல்லுத."

"பொம்பளைக பேர் சொல்லித் தேடுதாக அண்ணாச்சி. என் காதால கேட்டேன். பொய்யா இருந்தா இந்தக் காதுல கெடக்கத வித்துத் தாரேன்."

லாரி கியர் மாற்றும் சத்தம் மட்டும் வந்தது. எந்தப் பக்கம் திருப்பினார் என்று தெரியவில்லை.

பந்தலிலிருந்து ராக்கப்பன் உள்ளே வந்தார். "மணிகண்டராஜ் பேசுனாரு. யாரைக் கேட்டும்மா ஆம்புலன்ஸ் அனுப்புன?"

"யாரையும் கேக்கல."

"இதும் வெட்டி நடையா இருந்துச்சுன்னா நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஆளு இருக்கும்."

"இருக்கட்டும் அய்யா. இப்ப லைனை விடுங்க."

அதற்குள் சேதி பரவிவிட்டது. ஊர் ஊராகப் போன் வந்தது. என் மருமகள் அங்கே வேலை பார்க்கிறாள், என் தங்கச்சி இருக்கிறாள் என்று ஒவ்வொருவரும் விசாரித்தார்கள். ஆறுதல் சொல்ல அவளுக்கு நேரமில்லை. "வைங்க தாயி, லைன் வேணும்" என்று வெட்டி வெட்டி வைத்தாள். ஒருத்தி போனிலேயே சாபம் விட்டாள். அதையும் வாங்கிக்கொண்டு வைத்தாள். ஆஸ்பத்திரிக்குச் சொல்லிக் கட்டில் ஒதுக்கச் சொன்னாள். ராக்கப்பன் நகராமல் நின்றார்.

மறுபடி மணி.

"ஏத்தா, பலவேசம் பேசுதேன்." மூச்சு வாங்கியது. "ரெண்டு ரூம் தரைமட்டம். மூணாவதுல அம்புட்டு மருந்தும் இருந்துருக்கு. செவரெல்லாம் நனைச்சுத் தீ அதுல ஏறாம நிப்பாட்டியாச்சு. அந்த ரூமுக்குப் பின்னாலதான் பொம்பளைக பதுங்கிக் கெடந்துருக்காக. எல்லாரும் வெளிய வந்துட்டாக. மருந்து கலக்குத ஊர்க்காவலனுக்குக் கையி ரெண்டும் வெந்துபோச்சு, உசுரு இருக்கு. ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு."

அவள் ரிசீவரை வைத்துவிட்டு மேஜையில் தலை சாய்த்தாள். ராக்கப்பன் ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் தள்ளினார்.

இரண்டு நாள் கழித்து விழா. முதல் துண்டு பலவேசத்துக்கு. அவர் கழுத்தை நீட்டவில்லை, மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"நான் மூணாங்கிளாஸ். தலையில கொடம் சொமந்து வித்தவன். இன்னைக்கு நாலு லாரி நிக்கி, நாலும் சொந்தச் சம்பாத்தியம். என்னை மாதிரி ஒருத்தனைக் காட்டுங்க பாப்போம். ஆனா அன்னைக்கு இந்தப் பலவேசம் மண்டபத்துக்குத்தான் போயிக்கிட்டிருந்தான். திருப்புனது உள்ள போன் பக்கத்துல இருக்க பிள்ளை. அவளுக்குப் போடுங்க மொதல்ல."

அந்தச் சங்கத்தில் இன்றைக்கும் தீத்தொண்டு வாரத்தின் முதல் துண்டு போன் எடுப்பவருக்குத்தான்.

அன்று சாலிஹாவுக்குத் துண்டோடு ஓர் உறையும் கொடுத்தார்கள். உள்ளே இரண்டாயிரம். அவள் நேரே லாரிப் பக்கம் போனாள்.

"அண்ணாச்சி, பழைய பாக்கி."

"வேண்டாம்னு சொல்லுவேன்னு பாத்தியா? கடன் கடன்தான்."

"சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். மண்டபத்துக்காரரு என்ன சொன்னாரு?"

"என் ஏழு தலைமுறையையும் இழுத்தாரு. அந்த லோடு போனதுக்குத் தனியா ஒண்ணும் தர வேண்டாம்."

சிரித்துக்கொண்டே பலவேசம் கையை விரித்து நீட்டினார். காய்த்துப்போன அந்த உள்ளங்கையில் நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தாள் சாலிஹா, பதினாறு வரை.