எலுமிச்சம்பழம் புதுசு, போல்ட் பழசு

காரில் ஷாக் அப்சார்பர் மாற்றிய கம்பம் மெக்கானிக், "இந்த போல்ட்ட ஒரு தடவதான் முறுக்கணும்ணே, கழட்டிட்டா பிடிப்பு இருக்காது, புதுசு போட்டுருவோம்" என்றார். "பழைய இரும்புதான்யா உறுதி" என்று பழசையே போட வைத்தவன் நான்தான்.

மறுநாள் மனைவியோடு குமுளி மலைப்பாதையில் இறங்கும்போது, ஒவ்வொரு வளைவிலும் முன்சக்கரத்தடியில் 'டொக் டொக்' என்று சத்தம். ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால், அந்த போல்ட்டின் நட்டு பாதி கழன்றிருந்தது. பதறிப்போய்ப் பக்கத்துப் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், ஏதோ நானே உருளப்போவதுபோல.

"முன்னாடி கட்டுற எலுமிச்சம்பழத்த வாராவாரம் மாத்துறீக. சக்கரத்தப் பிடிச்சிருக்கிற போல்ட்ட மாத்த மாட்டீகளாக்கும்!" என்றாள் மனைவி. மெக்கானிக் புது போல்ட்டோடு பஸ்ஸில் வந்து சேரும்வரை அதையே பத்து தடவை சொன்னாள்.

இப்போதெல்லாம் கழற்றிய போல்ட்டை மறுபடி மாட்டவிடுவதில்லை. எலுமிச்சம்பழம்தான் மூன்று வாரமாக அப்படியே காய்ந்து தொங்குகிறது.