கூடவே நடந்த எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா காலமான செய்தியை எனக்குச் சொன்னது சொந்தக்காரர் இல்லை, சபையார் இல்லை. ஒடிசாவிலிருந்து வந்து எங்கள் மில்லில் வேலை பார்க்கும் பிகாஷ். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "மேடம், அக்கா போயிட்டாங்க" என்றான். கடைசி நாட்களில் கஞ்சி வாங்கிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டதும் அவனும் அவனோடு மில் ஹாஸ்டலில் இருக்கும் பையன்களும்தானாம். சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டிலிருந்த எனக்குத் தெரியவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

அக்காவை ராஜபாளையத்தில் மில் ஹாஸ்டல் வார்டனாக உங்களில் பலருக்குத் தெரியும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சேலையோடு நேரே ஹாஸ்டலுக்குப் போவார். சாமான் வாங்கப் புறப்படும் வடக்கத்திப் பையன்களோடு கூடவே நடப்பார். தனியாகப் போனால் குடித்துவிட்டு நிற்கிறவன் வழிமறிப்பான், செல்போனைப் பிடுங்குவான், கொடுக்காவிட்டால் அடிப்பான். பாஷை தெரியாதவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகமாட்டான் என்ற தைரியம். "கூட ஒரு பொம்பளை நின்னா கை ஓங்கச் செத்த யோசிப்பான்ல" என்பார் அக்கா. பஸ்ஸில் கண்டக்டர், "என்னக்கா, இன்னிக்கு எம்புட்டுப் பேரு?" என்று கிண்டல் செய்தால், "எம்பிள்ளைக வருதாக, நீ டிக்கெட்டைக் கிழிய்யா" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். பிகாஷ் ரொட்டி வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்க எங்கள் தெருவுக்கு வந்தான். பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிகிறார்கள் என்று அந்த வாரம் எல்லார் போனிலும் ஒரு புரளி. தெருவில் அழுதுகொண்டிருந்த குழந்தையிடம் அவன் ஒரு துண்டு ரொட்டியை நீட்டியிருக்கிறான். அவ்வளவுதான். கம்பை எடுத்துவிட்டார்கள் எங்கள் இளைஞர்கள். அக்கா ஓடி வந்து அவன்மேல் விழுந்து மறைத்தபோது அவனுடைய கை ஒடிந்திருந்தது.

அக்கா அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், அடித்தவர்களின் பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்தார். அதில் ஒருவன் சபையில் பாடுகிறவன். மறுநாளே சபைப் பெரியவர்கள் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். "நம்ம பிள்ளைக தெரியாமச் செஞ்சிட்டானுக எஸ்தரு, வாபஸ் வாங்கிரு" என்று அவர்கள் கெஞ்சியதும் அக்கா சொன்ன பதிலும் என் வீட்டுக்குக் கேட்டன.

"வாங்குதேன். அந்தப் பையன் கையை மொதல்ல பழையபடி ஆக்கித் தாங்க. பொறவு பேசுவோம்."

அதற்குப்பின் தெருவே அவரை ஒதுக்கியது. ஆராதனையில் அவர் பக்கத்தில் உட்கார ஆளில்லை. கம்பெடுத்தவர்களில் ஒருவனுக்குக் கல்யாணமே நடந்தது, எல்லாரும் போய்ச் சாப்பிட்டோம். அக்கா எதற்கும் முகம் சுளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஹாஸ்டலுக்குப் போய்விடுவார்.

அடக்கத்தன்று பையன்கள் வந்தார்கள். தெருவுக்குள் வரவில்லை. முக்கில், வெயிலில் நின்றார்கள். நம் ஆட்கள் கூட்டமாக நிற்கிற இடத்துக்கு வர அவர்களுக்குப் பயம். யாரும் கூப்பிடவும் இல்லை. நான் போனேன். ஒல்லியாக ஒரு புதுப் பையன் தேம்பிக்கொண்டிருந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல், "தமிழ் தெரியுமாப்பா?" என்றேன்.

"அக்கா சொல்லிக்குடுத்தது மட்டும் தெரியும் மேடம்" என்றான் பிகாஷ். அந்தப் பையனிடம் அதைச் சொல்லிக்காட்டச் சொன்னான்.

பையன் இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு, அக்காவின் அதே இழுவையில் சொன்னான்: "அண்ணே, அடிக்காதிய. எஸ்தர் அக்காவுக்குப் போன் போடுங்க."

நம் ஊருக்குப் பிழைக்க வருகிற பிள்ளைக்கு முதன்முதலில் கற்றுத்தர வேண்டியிருந்த தமிழ் இது. அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பதும் இதுதான். "இனிமேல் என் பேரைச் சொல்லச் சொல்லு" என்று பிகாஷிடம் என் நம்பரைக் கொடுத்தேன். அவன் அதைப் பையனிடம் ஒடியா மொழியில் எடுத்துச் சொன்னான். பையன் என் முகத்தைப் பார்த்தான், எனக்குப் பின்னால் இருந்த தெருவைப் பார்த்தான். பிறகு அக்காவின் பெயரையே திரும்பவும் சொன்னான்.