கம்பவுண்டர் தேவசகாயமும் மலைமேல் பூத்த கள்ளிமந்தாரையும்

தை மாதத்தில் ஒரு சந்தை நாள். வத்தல்மலையிலிருந்து சாமை விற்க வந்த சித்தன், தருமபுரியில் என் வீட்டு வாசலில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றார். மலைப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தவர். வந்தவுடன் தண்ணீர் கேட்பது அவர் வழக்கம். அன்று கேட்கவில்லை. "நம்ம கம்பவுண்டரு போயிட்டாருங்க. தூங்கினவரு எந்திரிக்கவே இல்லீங்க" என்றார். நான் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். எனக்கு அப்போது வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

தேவசகாயத்தைக் கீழே உள்ள பலருக்குத் தெரியாது. மலைமேல் இருந்த சிறிய மருந்துக்கூடத்தில் அவரிடம் கசப்பு மிக்சர் வாங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துப் பிழைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினால் போதும். அவர் கை மருந்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் வளர்த்த மரத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அந்த மரத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அவர் அதோடு பட்ட பாட்டை முழுக்கப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

நானும் அவரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் மலை ஏறினோம். எனக்குப் பள்ளிக்கூடம், அவருக்கு மருந்துக்கூடம். அவர் தருமபுரிக்குப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்க்காரர். மனைவி அன்னம்மாளும் கூட வந்திருந்தார். வந்த முதல் ஐப்பசியிலேயே மலைச்சுரம் அந்த அம்மாளைக் கொண்டுபோய்விட்டது. விடாத அடைமழை. இறங்குகிற பாதை முழுவதும் சரிந்து கிடந்தது. கீழே தங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குச் சடலத்தைக் கொண்டுபோக வழியில்லாமல், மருந்துக்கூடத்துக்குப் பின்னால் பாறை ஓரமாக அடக்கம் செய்தோம். மழை விட்ட பிறகு அன்னம்மாளின் அம்மா மலை ஏறி வந்தார். மண்மேட்டைப் பார்த்தார். "எங்க புள்ளைய இப்படிப் பொட்டல்ல தனியாப் போட்டுட்டீங்களே மாப்ளே" என்று மட்டும் சொன்னார். தேவசகாயம் தலை குனிந்து நின்றார். அந்தச் சொல் கடைசிவரை அவரை விடவே இல்லை.

அவர்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கள்ளிமந்தாரைதான். புத்தகத்தில் ஈழத்தலரி என்று போட்டிருப்பார்கள். கிளையை ஒடித்தால் பால் வடியும், தடித்த மரம். வெள்ளையில் மஞ்சள் கலந்த பூ. ஆண்டுதோறும் ஐப்பசியில் வரும் கல்லறைத் திருநாளில் அந்தப் பூவைப் பொறுக்கித்தான் அவரவர் தங்கள் மண்மேட்டில் வைப்பார்கள். "கீழ எல்லாருக்கும் மேல மரம் இருக்குது வாத்தியாரே. இவளுக்கு மட்டும் வானந்தான் இருக்குது" என்றார் என்னிடம். மலையில் அந்த மரம் ஒன்றுகூடக் கிடையாது. குளிர் தாங்காது என்று கீழே எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவர் கேட்டால்தானே.

அந்தக் கார்த்திகையிலேயே ஒரு கிளையை வெட்டிக்கொண்டு வந்து, பால் சொட்டச் சொட்ட ஈர மண்ணில் ஊன்றினார். அது அழுகிப் போயிற்று. அடுத்ததும் அழுகியது. அடுத்த மாசியில் கீழே போனபோது, எப்போதோ காற்றில் முறிந்து கல்லறைத் தோட்டத்து மதில்மேல் விழுந்து கிடந்த கிளை ஒன்றைப் பார்த்தார். மண்ணில்லை, தண்ணீரில்லை. அப்படியிருந்தும் நுனியில் இலை விட்டிருந்தது. திரும்பி வரும்போது தோளில் ஒரு கிளை இருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. "இதுக்குப் பசியே கெடையாதுங்க. நாமதான் ஊட்டி ஊட்டிக் கொல்றோம்" என்றார்.

கிளையை மருந்துக்கூடத்தில், மருந்துப் புட்டிகளுக்கு மேலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை தொடக்கூடாது என்பது அவர் கணக்கு. வைத்தியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு கிழவர் தமக்கு மிக்சர் வேண்டாம், மேலே தொங்குகிற அந்தப் புது மருந்தில் கொஞ்சம் இழைத்துக் கொடுத்தால் போதும் என்று பிடிவாதம் பிடித்தார். பங்குனி வெயில் ஏறியபின் பாறைச் சரிவில் குழி தோண்டி, கல்லும் சரளையும் போட்டு, தண்ணீர் ஒரு சொட்டும் நிற்காதபடி பார்த்துக் கிளையை ஊன்றினார். இலை தலைகாட்டும்வரை தண்ணீரே ஊற்றவில்லை. சித்திரைக் கடைசியில் இலை வந்தது. எனக்கே ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்போல இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்கழிப் பனியில் அந்த இலைகள் எல்லாம் கொட்டிவிட்டன. அது அந்த மரத்தின் தூக்கம். மொட்டையாக நிற்கும், அப்போது அதைத் தொந்தரவு செய்யக்கூடாது. ஆனால் மலை ஜனங்களுக்கு அது எப்படித் தெரியும்? மரம் செத்துவிட்டது என்று நினைத்து, குடும்பம் குடும்பமாக வந்து அவரிடம் துக்கம் விசாரித்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. சுனையிலிருந்து தண்ணீர் எடுத்துப் போகிற பெண்கள் ஒவ்வொருவரும், பாவம் கம்பவுண்டர் பெண்டாட்டி மரம் என்று, குடத்திலிருந்து ஒரு கை சாய்த்துவிட்டுப் போனார்கள். தை பிறக்கும்போது அடித்தண்டு களியாகக் குழைந்திருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரைக் கூட்டி நாலு வார்த்தை கேட்கப் புறப்பட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க வாத்தியாரே. அன்னத்துக்குன்னு ஊத்துனாங்க. அவ இருந்தா குடிச்சிருப்பா" என்றார். அழுகிய பகுதியை அறுத்துப் போட்டு, மிஞ்சிய நுனியைக் காயவைத்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

மரம் ஒருவழியாக இடுப்புயரம் வந்தபோது ஊர்க்கவுண்டரின் மகன் கடுமையான சுரத்தில் விழுந்து, தேவசகாயத்தின் கையால் பிழைத்தான். கவுண்டருக்கு நன்றி சொல்ல வேண்டும். மலையில் நன்றியைச் சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போகமாட்டார்கள். பயிர் நன்றாக வரவேண்டிய நிலத்தில் ஆட்டுப்பட்டி அடைத்து உரமேற்றுவது வழக்கம் அல்லவா? தமது ஆடுகளையெல்லாம் ஓட்டி வந்து அந்த மரத்தைச் சுற்றிப் பட்டி அடைத்துவிட்டார்! தேவசகாயம் அப்போது கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். அவர் வந்து பார்ப்பதற்குள் பாறை ஓரமெல்லாம் புழுக்கை.

அதன்பின் அந்த மரம் வளர்ந்ததே ஒரு வளர்த்தி! இலைகள் முறம் முறமாக வந்தன. பூ மட்டும் இல்லை. அடுத்த ஆண்டும் இல்லை. "சாப்பாட்டு இலைக்கு ஆகும் கம்பவுண்டர். பந்தி வைத்துவிடலாம்" என்று நான் சீண்டினேன். அவர் சிரித்தார். "உங்க பள்ளிக்கூடத்துப் பசங்களாட்டம் நல்லாத் தின்னுட்டுத் தூங்குதுங்க" என்று எனக்கே திருப்பினார். பிறகு கவுண்டர் மனம் நோகாதபடி, கொஞ்சம் கொஞ்சமாக அந்த மண்ணை அள்ளிவிட்டுச் சரளையையும் அடுப்புச் சாம்பலையும் இட்டார். மேற்கே கருங்கல்லை அடுக்கினார். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் கல் மரத்துக்குச் சூடு கொடுக்குமாம். பனிக்காலத்தில் வைக்கோல் சுற்றினார்.

இத்தனையும் அவர் செய்தது ஒரே ஓர் ஆசைக்காகத்தான். கல்லறைத் திருநாளன்று கீழே எல்லோருக்கும் பூ வைக்கும்போது, மேலே அன்னம்மாளுக்கும் அதே பூவை வைக்க வேண்டும். ஓர் ஆண்டு ஆவணியில் மொட்டுக் கட்டியது. இன்னும் இரண்டு மாதம் போனால் விரியும், திருநாள் வந்துவிடும். மனிதர் தரையில் நடக்கவில்லை. மாமியாருக்கும் ஆள் அனுப்பி வரச் சொல்லிவிட்டார். புரட்டாசிக் கடைசியில் மழையும் குளிரும் ஒன்றாக இறங்கின. மொட்டுகள் கறுத்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. திருநாளன்று அந்த அம்மாள் தள்ளாடி மலை ஏறி வந்து, வெறும் காம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அவர் போனதும் தேவசகாயம் கொடுவாளை எடுத்தார். அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "இந்தக் குளுருல இது பூக்காதுங்க! நானும் அவள ஏமாத்திட்டேன், இதுவும் ஏமாத்திருச்சு" என்று கத்தினார். ஓங்கின கை ஓங்கினபடியே நின்றது. பிறகு கொடுவாளைக் கீழே போட்டுவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து அவர் அந்த மரத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை.

உலகப் போர்க் காலத்தில் குயினைன் மருந்து கிடைக்காமல் மலை முழுக்கச் சுரத்தில் கிடந்த ஒரு வைகாசி. பகலெல்லாம் அவர் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, "வாத்தியாரே, கொஞ்சம் வாங்க" என்றார். யாருக்கோ ஆபத்து என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். இலைகூடச் சரியாக விடாத மரத்தில், நுனிக்கு நுனி கொத்துக் கொத்தாகப் பூ. அவர் ஒரு கொத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தார். "நான் நாள் குறிச்சு வெச்சுக்கிட்டு அதைப் போட்டு வாட்டிட்டேனுங்க. இதுக்கு எப்போ முடியுமோ அப்போ பூக்குது. அன்னத்துக்கு இனி இன்னைக்குத்தாங்க திருநாள்."

பூவை அள்ளி மண்மேட்டில் வைத்தார். அன்றே சித்தனை ஓட்டமாகக் கீழே அனுப்பினார். மறுநாள் மாமியாரை டோலியில் தூக்கி வந்தார்கள். அந்த அம்மாள் மரத்தடியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். புறப்படும்போது மருமகன் தலையில் கை வைத்து, "இனி எம்புள்ள தனியா இல்லை" என்றார். தேவசகாயத்தின் முகத்தை அன்று பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இந்தச் செய்தி பங்குச் சாமியார் காதுக்கும் எட்டியது. திருநாளை அவரவர் இஷ்டத்துக்கு மாற்றலாமா என்று கேட்டாராம். "கீழ ஐப்பசியில வந்துருதுங்க சாமி. மலை ஏறி வரணுமில்லீங்களா, எங்களுக்குத் தாமசமாத்தான் வரும்" என்றாராம் இவர். சாமியார் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அதன்பின் ஆண்டுதோறும் மரம் பூக்கிற நாள்தான் அங்கே திருநாள். ஓர் ஆண்டு வைகாசி, ஓர் ஆண்டு ஆனி. கும்பிடுகிற சாமி வேறு என்று மலை ஜனங்கள் யாரும் ஒதுங்கி நிற்கவில்லை. அவரவர் வீட்டில் இறந்தவர்களை நினைத்து ஆளுக்கொரு பூ எடுத்துக்கொண்டு போனார்கள். அகாலத்தில் அண்ணனைப் பறிகொடுத்த நானும் ஒரு பூ எடுத்திருக்கிறேன். கீழே நல்ல இடத்துக்கு மாற்றல் வந்தபோதும் தேவசகாயம் போகவில்லை. நான்தான் இறங்கி வந்தேன்.

சித்தன் வந்து சொன்ன அன்றே, கடைத்தெருவில் செவ்வந்தி மாலை வாங்கிக்கொண்டு அவரோடு மலை ஏறினேன். அடக்கம் முடிந்திருந்தது. அன்னம்மாளின் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். மேலே மரம் மொட்டையாக நின்றது. மாலையைப் போடக் குனிந்தேன். ஊர்க்கவுண்டர் என் தோளைத் தொட்டார். "அதைக் கோயிலுக்குக் குடுத்துருங்க வாத்தியாரே. இவருக்கு இப்போ இல்லீங்க."

"பின்னே எப்போங்க?"

"மரம் பூக்கட்டுங்க. ஊரே காத்துக்கிட்டு இருக்குது."

மாலையைக் கோயிலில் கொடுத்துவிட்டு இறங்கினேன். இதை எழுதும்போது மாசி. மரத்தில் இன்னும் இலைகூட வந்திருக்காது. மரம் வளர்க்க எனக்குத் தெரியாது. அவர் மருந்தும் தெரியாது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். செய்தி கேட்ட நாளிலிருந்து எனக்குக் கண்ணீர் வரவில்லை. முதலில் என் மனம் கல்லாகிவிட்டதோ என்று பயந்தேன். இப்போது பயமில்லை. அதற்கும் ஒரு நாள் உண்டு, அவசரப்படுத்த மாட்டேன். பூத்துவிட்டது என்று சித்தன் வந்து சொல்வார். மலை ஏறிப் போய் அவருக்காக அழுதுவிட்டு வருவேன்.