அரை சென்டிமீட்டரும் ஒரு பாக்ஸ்வுட்டும்

மாத்தூர் சாலையோர நர்சரியில் அந்தச் செடியை நான் வாங்கியதற்கு உருப்படியான காரணம் எதுவும் கிடையாது. பெயர் பாக்ஸ்வுட் என்றார்கள். நான் துறைமுகத்தில் லாஷிங் வேலை பார்ப்பவன். கப்பலில் ஏற்றிய கண்டெய்னர்கள் கடலில் சரிந்துவிடாமல் இரும்புத் தடியும் திருகும் போட்டு இறுக்கிக் கட்டுவது என் பிழைப்பு. கண்டெய்னரை நாங்கள் பாக்ஸ் என்றுதான் சொல்வோம். பெயரிலேயே பாக்ஸ் இருக்கிறதே, நமக்கு ஒத்துவரும் என்று நினைத்தேன். இது குளிர் ஊர்ச் செடி, திருவொற்றியூர் வெயில் தாங்காது என்று நர்சரிக்காரர் எச்சரித்தார். எனக்குத் தாங்குகிறதே என்று சொல்லி வாங்கி வந்தேன். அப்போது மகள் எட்டாம் வகுப்பு.

போன்சாய் என்பதை செல்போனில் பார்த்துத்தான் கற்றேன். கிளையில் கம்பி சுற்றி, வளைத்து, வேண்டிய பக்கம் திருப்ப வேண்டும். இதைத்தானே இருபது வருடமாகச் செய்கிறோம் என்று எனக்கு ஒரே குஷி. கப்பலில் கட்டி முடித்ததும் தடியைத் தட்டிப் பார்ப்போம். ணங்கென்று சத்தம் வந்தால்தான் கட்டு சரி. அதே கையால் பாக்ஸ்வுட்டையும் கட்டினேன். புயல் அடித்தாலும் அசையாத கட்டு. மூன்று மாதத்தில் கம்பி பட்டையைக் கிழித்து உள்ளே இறங்கிவிட்டது. நல்ல கிளை ஒன்று காய்ந்தே போனது. செடி எந்தக் கடலுக்கும் போகப்போவதில்லை, லூசாகச் சுற்றினால் போதும் என்பது என் மூளைக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. கைக்குப் புரிய இன்னும் இரண்டு வருடம்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தேன். எங்கள் பக்கத்துக் காற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் வரும். இலை ஒவ்வொன்றும் குண்டுமணி அளவுதான் இருக்கும், அதன் மேல் படிந்தால் செடி மூச்சு விடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய டூத்பிரஷால் இலை இலையாகத் தேய்ப்பேன். தன் புடவையில் படியும் சாம்பலைப் பற்றி எனக்கு ஒருநாளும் கவலை வந்ததில்லை என்று மனைவி சொன்னாள். உண்மைதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேரை வெட்டி, உடைத்த செங்கல்லும் மணலும் கலந்து மாற்றி வைத்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி உயரத்தை அளந்து நோட்டில் எழுதினேன். ஏழு வருடத்தில் ஒன்றரை அங்குலம். கடற்காற்றில் சாய்ந்த கிழட்டு மரம் போல அது நின்ற அழகைப் பார்த்து எனக்கே கர்வம் தாங்காது.

இதற்குள் மகள் கல்லூரி முடித்து, போலீஸ் வேலைக்கு எழுதி, எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்தது உயரம் அளப்பது, பிறகு இன்னொரு நாள் ஓட்டம். ஓட்டத்தில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. உயரத்தில்தான் சிக்கல். பயிற்சி கொடுத்தவர் காலையில் அளந்தார். வேண்டிய உயரத்தைவிட ஒரு நூல் கூடுதல். மாலையில் அளந்தார், அரை சென்டிமீட்டர் குறைவு. மனிதன் படுத்து எழுந்தால் நீள்வான், நாளெல்லாம் உட்கார்ந்தும் குனிந்தும் சுருங்குவான் என்று விளக்கினார். அன்று முதல் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் ஆசைப்பட்டது அந்த ஒரு வேலைக்குத்தான். மூன்று வருடமாக விடியலில் எழுந்து ஓடியவள்.

மனைவிதான் அந்த நோட்டைக் கண்டுபிடித்தாள். சுவரில் பொங்கலுக்குப் பொங்கல் மகளின் உயரத்துக்கு அவள் போட்டு வைத்த பென்சில் கோடுகள் இருந்தன. டேப்பை வைத்து அளந்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து இன்றுவரை ஒன்றரை அங்குலம். இரண்டு முறை அளந்துவிட்டு நோட்டை என் மடியில் போட்டாள்.

"மரத்த கட்டி வச்சிக்கினு, பொண்ணு மட்டும் வளரணும்னா எப்டிய்யா வளரும்?"

அந்த வயதில் பெண்கள் அவ்வளவுதான் வளர்வார்கள் என்று அறிவியல் பேசினேன். அவள் கட்டிங் பிளேயரை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று மாலையே பதினோரு கம்பிகளையும் நானே வெட்டினேன். ஏழு வருட வேலை, பத்து நிமிடத்தில் முடிந்தது. வேர் தாராளமாக நீளட்டும் என்று பெயிண்ட் வாளியில் மாற்றவும் சொன்னாள், மாற்றினேன். மகள் குடித்து மிச்சம் வைத்த கேழ்வரகுக் கஞ்சியை அதற்கு ஊற்றினாள். எறும்புதான் வந்தது. மகள் மாடிக் கம்பியில் தொங்குவாள், மனைவி வாளியருகே நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் பார்த்தேன்.

அளக்கும் இடமோ நகரத்தின் மறுமுனை. பஸ்ஸில் போனால் குலுக்கலிலேயே ஒரு சென்டிமீட்டர் போய்விடும். எதிர் வீட்டில் இருக்கும் பாய்க்கு வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக் கடை, சரக்கு ஏற்றும் குட்டி யானை வண்டி ஒன்றும் உண்டு. அதில் மெத்தை போட்டுப் படுக்க வைத்தே கொண்டுபோகலாம் என்றது அவர் யோசனை. விடியற்காலை வாசலில் வண்டியை நிறுத்தினார். மகளைப் போர்வையோடு தூக்கிக் கிடத்தினோம். வளைவில் உருளக்கூடாதே என்று சரக்கு கட்டும் பட்டையை மார்பிலும் காலிலும் போட்டேன். மூச்சு முட்டுகிறது என்றாள். லூசாக்கினேன், அந்தப் பாடமாவது செடியிடம் கற்றிருந்தேன். மனைவி வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். மரம் வராமல் தானும் வரமாட்டேன் என்றாள். விவாதிக்க நேரமில்லாததால் அதை மகளின் தலைமாட்டில் வைத்தோம். தூசி படாமல் இருக்க மகளின் முகத்தையும் போர்வையால் மூடினாள்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கம்போல டிரெய்லர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. அரை மணி நேரம் நகரவில்லை. நேரம் போகிறதே என்று மனைவி அழ ஆரம்பித்தாள். அந்த அழுகைக்குப் பக்கத்து டிரைவர் எட்டிப் பார்த்தார். கட்டிக் கிடத்திய உடம்பு, மூடிய முகம், தலைமாட்டில் செடி. இன்ஜினை அணைத்துவிட்டுக் கும்பிட்டார். அவர் சொல்லி முன்னாலிருந்தவரும் ஒதுங்கினார். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் ஓடி வந்து, தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, என்ன வயசு என்று கேட்டார். இருபத்தொன்று என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தபோது போர்வைக்குள்ளிருந்து தும்மல் வந்தது.

அவர் இரண்டு அடி பின்னால் குதித்தார். பாய் இறங்கிப் போய் முழுக் கதையையும் சொன்னார். போலீஸ்காரர் போர்வையை விலக்கி மகளைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னை வெகுநேரம் பார்த்தார். "எவ்ளோ கொறையுது?" என்றார். அரை சென்டிமீட்டர் என்று மகள் படுத்தபடியே சொன்னாள். அவர் விசிலை ஊதிக்கொண்டு முன்னால் ஓடினார். சாவுக்கு ஒதுங்காத லாரிகளும் அரை சென்டிமீட்டருக்கு ஒதுங்கின.

மைதானத்து வாசலில் பட்டையை அவிழ்த்து, நிமிர்த்தி நிறுத்தி, உள்ளே அனுப்பினோம். பெற்றவர்களுக்கு அனுமதி இல்லை. சீக்கிரம் அளந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். எட்டு மணி ஆனது, பத்து ஆனது. வெயில் ஏறியது. ஒவ்வொரு நிமிடமும் அவள் உள்ளே சுருங்கிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. பாய் வாய்க்குள்ளேயே ஓதிக்கொண்டிருந்தார். மனைவி வாளியை மடியில் வைத்து ஒவ்வொரு கிளையாக மேல்நோக்கி நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் தடுக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்தாள். கழுத்தை நீட்டி, தலையில் குடம் வைத்தவள் போல மெதுவாக நடந்து வந்தாள். உதடு வெளுத்திருந்தது. என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள்.

"பாஸாயிட்டேம்மா. நூலுதான் மிச்சம்."

மனைவி வாளியைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் மகளைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். உள்ளே நிழலில் பெஞ்சு போட்டிருந்தார்களாம், மற்ற பெண்களெல்லாம் உட்கார்ந்திருந்தார்களாம். இவள் மட்டும் ஆறு மணி நேரமும் சுவரோடு முதுகை ஒட்டி நின்றிருக்கிறாள். குனிய வேண்டியிருக்கும் என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"நைனா, இப்ப உக்காரலாமா?"

தலையை ஆட்டினேன். அவள் அங்கேயே, ரோட்டு ஓரத்து மண்ணிலேயே, தொப்பென்று உட்கார்ந்தாள்.