பூஜ்யம் காட்டிய தண்ணீர்

என் அக்கா வேலை பார்ப்பது ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில். அறுவை சிகிச்சை முடிந்த கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ரத்தக் கறையோடு ஒரு கதவு வழியாக அங்கே வரும். கழுவி, உலர்த்தி, துணியில் சுற்றி, நீராவிப் பெட்டியில் வேகவைத்து இன்னொரு கதவு வழியாக அனுப்புவார்கள். பொட்டலத்தின் மேல் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடு விழுந்தால் நன்றாக வெந்துவிட்டது என்று அர்த்தம். கோடு கொஞ்சம் சாம்பல் நிறமாகத் தெரிந்தாலும் அக்கா அதைத் திருப்பி உள்ளே தள்ளிவிடுவாள். பதினெட்டு வருடத்தில் அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பொட்டலம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்க வேண்டிய கர்வம்தான்.

ஆனால் அந்தக் கர்வம் வேலை முடிந்ததும் அங்கேயே நிற்காமல் அவளோடு வீட்டுக்கும் வந்துவிடும். நான் சோபா தைக்கிறவன். உடம்பெல்லாம் பஞ்சும் நூலுமாகத்தான் வீடு திரும்புவேன். வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டினால்தான் உள்ளே விடுவாள். டீ கிளாஸைக் கீழே வைத்துத் தும்மிவிட்டுத் திரும்பினால் அது கழுவிக் கவிழ்த்தப்பட்டிருக்கும். பாதி டீ மிச்சம் இருந்ததா என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை.

இதனால்தான் அவளும் மாமாவும் பிரிந்தார்கள் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. மாமாவுக்கும் ஆயிரம் கோணல். ஆனால் அந்த வீட்டைவிட்டு அக்கா கிளம்பிய அன்று, வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்.

"உன்கூட மனுஷன் இருக்க முடியாது. உன் வீட்ல ஒரு புழு பூச்சிகூட உயிரோட இருக்காது."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். எனக்குக் கை பரபரத்தது. அக்கா திரும்பி உள்ளே போனாள். மாமா ஆசையாக வாங்கிவைத்து ஆறே மாதத்தில் மறந்துபோன கடல்நீர்த் தொட்டி ஒன்று கூடத்தில் இருந்தது. அதில் உயிரோடு மிச்சம் இருந்த பவளத்திலிருந்து ஒரே ஒரு கிளையை உடைத்து, மூடிபோட்ட டப்பாவில் அந்தத் தண்ணீரோடு எடுத்து வந்தாள். வண்டியில் வழிநெடுக அதை மடியில் வைத்திருந்தாள். துணிமணியைக்கூட அவ்வளவு பத்திரமாக எடுத்து வரவில்லை.

நாலு வருடத்தில் அந்த ஒரு கிளை ஏழு கிளையானது. மூன்றடி நீளத் தொட்டியில் நடுநாயகமாக அது உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பச்சை விரல்கள் போலக் கொத்துக் கொத்தாக நீண்டு, நீரோட்டத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு கோமாளி மீன்கள் அதற்குள் புகுந்து தூங்கும். அக்கா வேலையிலிருந்து வந்ததும் கைகழுவிவிட்டு அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்காருவாள். எங்கள் வீட்டில் டிவி இல்லாத குறையே தெரியவில்லை.

போன வருடம் மழைக்கு முன்னால், தொட்டி மணலில் பழுப்பாக ஏதோ படர ஆரம்பித்தது. மூக்குச்சளி மாதிரி இழை இழையாக, நடுவில் காற்றுக் குமிழிகளோடு. காலையில் மணல் வெள்ளையாக இருக்கும். விளக்குப் போட்ட நாலு மணி நேரத்தில் மறுபடி பழுப்பாகிவிடும். அக்கா அதைப் பாசி என்று நினைத்தாள். பாசி என்றால் அழுக்கு. அழுக்கு என்றால் அக்காவுக்குக் கல்யாணச் சாப்பாடு.

வாரம் ஒருமுறை மாற்றிய தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினாள். வடிகட்டிப் பஞ்சைத் தினமும் புதிதாக வைத்தாள். தண்ணீரிலிருந்து ஃபாஸ்பேட்டை உறிஞ்சும் செந்நிறத் தூளை இரண்டு பங்காக்கினாள். மோட்டாரைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். மீனுக்குப் போடும் தீனியைப் பாதியாகக் குறைத்தாள். ஒவ்வொரு நாளும் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்து விட்டுக் குலுக்கி, வெள்ளைத் தாளுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். நிறம் மாறாது. நைட்ரேட் பூஜ்யம், ஃபாஸ்பேட் பூஜ்யம் என்று நோட்டில் எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவாள். வீட்டு மீன் தொட்டிக்குக் கையெழுத்துப் போடுகிற ஆள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தண்ணீர் சுத்தமாக ஆக ஆக, அந்தச் சளி பெருத்தது. தொட்டியில் இருந்த நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்து செத்தன. பிறகு பவளத்தில் ஒரு கிளை சுருங்கி, சதை கரைந்து, வெள்ளை எலும்பாக நின்றது. அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவதும் கரைந்து, நான்காவது கிளையும் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டபோது அக்கா சாப்பாட்டில் கைவைக்கவில்லை. மாமாவின் வார்த்தையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் கிளைக்குக் கிளை அது உண்மையாகிக்கொண்டு வருவதாக அவள் நினைக்கிறாள் என்று அவள் முகமே சொன்னது.

"கடைக்குப் போலாம் வா" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

தொட்டியில் வளர்க்கும் கடல் மீன்களை விற்கும் கடையை நடத்துகிறவள் என்னைவிட இளையவள். நாங்கள் பாட்டிலில் கொண்டுபோன சளியில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்து, அக்காவைப் பார்க்கச் சொன்னாள். நானும் பார்த்தேன். ஆப்பிள் விதை மாதிரி நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றும் கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டிபோல் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"இது பாசி இல்லையா?" என்றாள் அக்கா.

"சாதாரணப் பாசியா இருந்தா நானே சந்தோஷப்படுவேன் மேடம். அது இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கு, இது வந்து குடியேறிடுச்சு. இதுக்கு விஷமும் உண்டு, நத்தை சாகறது அதனாலதான். நைட்ரேட் எவ்வளவு?"

"பூஜ்யம்." சொல்லும்போது அக்காவின் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

"ஃபாஸ்பேட்?"

"அதுவும் பூஜ்யம். மூணு மாசமா."

"அதுதான் மேடம் வியாதியே."

அக்கா நோட்டை மூடினாள். கடைக்காரி நிதானமாகச் சொன்னாள்.

"பாசி, பவளம், கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க, எல்லாத்துக்கும் சாப்பாடு வேணும். நீங்க சாப்பாட்டைத் துடைச்சு எடுத்துட்டீங்க. பட்டினியிலயும் பிழைக்கிறது இது ஒண்ணுதான். நீங்க கழுவக் கழுவ இதுக்கு இடம் ஒதுக்கிக் குடுக்கறீங்க. மூணு நாள் விளக்கே போடாம போர்வை போட்டு மூடுங்க. தண்ணி மாத்தாதீங்க, செந்தூளை எடுத்துடுங்க, தீனி ரெண்டு மடங்கு போடுங்க. என் பழைய தொட்டியிலேர்ந்து ஒரு பிடி மணல் தரேன், அதைப் போடுங்க. கொஞ்சம் அழுக்காகட்டும்."

வீடு வரும்வரை அக்கா பழைய மணல் இருந்த பொட்டலத்தைக் கையை நீட்டித் தள்ளியே பிடித்திருந்தாள்.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது, தண்ணீர் உறிஞ்சும் குழாயும் வாளியுமாகத் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"என்னால முடியலடா. கை அதுவா போகுது." வாளியைக் கீழே வைத்தாள். "நீ பாத்துக்கோ. ஒரு மாசம் நான் தொடமாட்டேன்."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"தெரியவே வேண்டாம். இந்த வீட்ல உன்னைவிட அழுக்கா யாரு இருக்கா?"

நாற்பது வருடத்தில் என் அக்கா என்னிடம் கண்ட ஒரே தகுதி இது. ஏற்றுக்கொண்டேன்.

என் பழைய போர்வையால் தொட்டியை மூடினேன். செந்தூளை எடுத்தேன். பஞ்சை மாற்றவில்லை. கடைக்காரி தந்த மணலைக் கொட்டினேன். அதில் என்னென்னவோ கிடந்தது, நான் ஆராயவில்லை. மூன்று நாளும் அக்கா அந்தப் போர்வையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான்காம் நாள் திறந்தபோது மணல் வெளுத்திருந்தது. ஒரு வாரத்தில் சளி திரும்பி வந்தது, ஆனால் முன்னைவிடக் குறைவாக. அந்த வாரமே இன்னொரு கிளை போய்விட்டது. மிச்சம் மூன்று. எனக்குத் தீனிப் பெட்டியை எடுக்கவே மனம் வரவில்லை. மாமா சொன்னது கடைசியில் என் கையால் பலித்துவிடுமோ என்று பயந்தேன்.

"நிறுத்திடட்டுமா அக்கா?"

அவள் தொட்டியைப் பார்த்தபடி "வேண்டாம். போடு" என்றாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், ஏற்கனவே கழுவிய பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள்.

மூன்றாவது வாரம் சோதனைக் குழாய் வெளிறிய ரோஜா நிறத்துக்கு மாறியது; நைட்ரேட் இப்போது பூஜ்யம் இல்லை. அக்கா அதை வெள்ளைத் தாளுக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பதினெட்டு வருஷத்துல, ஃபெயிலானதுக்காக நான் சந்தோஷப்படறது இதுதான் முதல் தடவை" என்றாள்.

அதன்பிறகு கண்ணாடியில் பச்சை படிந்தது. சாதாரண, எல்லார் தொட்டியிலும் இருக்கிற, பிழைப்பைப் பார்க்கிற பாசி. பச்சை ஏற ஏற, பழுப்புச் சளி ஓரத்துக்கு ஒதுங்கி ஒருநாள் காணாமலே போனது. சுருங்கிக் கிடந்த மூன்று கிளைகளும் விரல்களை வெளியே நீட்டின. மீன்கள் இரண்டும் பழைய இடத்துக்கே தூங்கப் போயின. ஒரு மாதக் கெடு முடிந்த அன்று, அக்கா கண்ணாடி சுரண்டும் தகட்டோடு வந்தாள். முன்பக்கம் மட்டும் சுரண்டுவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

நான் ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சுரண்டும் சத்தம் கேட்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால், அக்கா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக் குனிந்து நின்றாள்.

"டேய், இங்க வா."

மணலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், விரல் நீளத்துக்கு, இளஞ்சிவப்பாக, இரண்டு பக்கமும் ரோமத்தோடு ஒரு புழு நெளிந்து போய்க்கொண்டிருந்தது. கடைக்காரி தந்த மணலோடு வந்திருக்க வேண்டும். அதன் மேலே பச்சைப் படலத்தில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி ஓடின. புள்ளிகள் அல்ல, பூச்சிகள்.

அக்காவின் கண் நிறைந்திருந்தது. தகட்டைக் கீழே வைத்தாள். நோட்டை எடுத்து, அன்றைய தேதியைப் போட்டு, அதற்கு நேரே "புழு – 1" என்று எழுதினாள். பூச்சிகளை எண்ணிப் பார்த்தாள். எண்ணி மாளவில்லை. "பூச்சி – நிறைய" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.