என் பொட்டுத்தான் வழிகாட்டி

நான் பலெர்மோவில் வாழும் யாழ்ப்பாணத்துச் சைவப் பெண். இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கரை ஜெருசலேமுக்குக் கூட்டிப்போய் வழிகாட்டுகிறேன். "சனத்துக்குள்ளை நான் திரும்பித் திரும்பிப் பாப்பன், என்ரை பெரிய சிவப்புப் பொட்டைப் பாத்து வாங்கோ" என்பதுதான் குழுவுக்கு நான் சொல்லும் ஒரே விதி.

ஒருமுறை இயேசுவின் கல்லறைக் கோவில் வாசலில் குழுவிலிருந்த ஒருவர், "தங்கச்சி, பொட்டோடையோ ஆண்டவற்றை கல்லறைக்குப் போறது?" என்று கேட்டார். சண்டை வேண்டாமென்று அழித்தேன். பின்னால் வந்த அவருடைய மனைவி அதைக் கவனிக்கவில்லை. பொட்டைத் தேடியே கூட்டத்தில் தொலைந்துபோனார். பதறி அலைந்து, தூணடியில் அழுதபடி நின்றவரைக் கண்டுபிடித்தோம்.

இப்போது யார் முகம் சுளித்தாலும் அழிப்பதில்லை. "பலெர்மோவிலை புனித ரொசாலியான்ரை கோவில் இருக்கிற மலைக்கும் இந்தப் பொட்டோடைதான் ஏறுறனான். அவ ஒருநாளும் கேட்டதில்லை, அண்ணை. நீங்கள் பேசாமல் பொட்டைப் பாத்து வாங்கோ" என்கிறேன்.