வயர்மேன் வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை

பண்ணைப்புரத்தில் பிராய்லர் கோழிக்கடை வைத்திருக்கும் அன்னத்தாய் நான். கோழியை உரித்துக்கொண்டே ஊர்க்கதையையும் உரிப்பவள் என்று என் வீட்டுக்காரரே சொல்வார். சொல்லட்டும், பொய்யில்லை. ஆனால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த வாய் சும்மா இருந்திருந்தால் எதிர்வீட்டு ஒச்சாண்டி அண்ணன் இன்றைக்கு வேறு மனிதராக இருந்திருப்பார். அந்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். ஆத்திரம் பாதி அவர்மேல், பாதி என்மேல்.

அண்ணன் கரண்டு ஆபீசில் வயர்மேன். வாலிபத்தில் கம்பம் தூக்கும் கூலி ஆளாகப் போய், பல வருசம் கழித்து வேலை நிரந்தரமானவர். காற்றிலும் மழையிலும் கம்பத்தில் ஏற ஆள் தேடினால் அவர் ஏற்கெனவே மேலே இருப்பார். நேர்மை என்றால் கொஞ்சம் எரிச்சல் ஊட்டும் நேர்மை. சொந்த மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்கு லைனில் கொக்கி போட்டு சீரியல் பல்பு எரியவிட்டிருந்தார்கள். விருந்தாளி அத்தனை பேர் முன்னாலும் ஏறி, கொக்கியை எடுத்துவிட்டு, இறங்கி வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். மச்சினன் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே!

பேச்சுதான் கிடையாது. பத்து கேட்டால் ஒன்று வரும். ஆனால் மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்களே, அதை மட்டும் முதல் நாளே எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவார். ‘தண்ணி பிடிச்சு வச்சுக்கங்க’ என்று ஒரு வரி. அவ்வளவுதான் அவருடைய வருசத்துப் பேச்சு.

அவருக்கு ஒரே மகள் ஜோதிலட்சுமி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மதுரையில் கேட்டரிங் படிக்கப் போகிறேன் என்றாள். சோறு பொங்கப் படிப்பா என்று தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. ‘எம்மக ஆசைப்படுறா, படிக்கட்டும்’ என்றார். படித்து முடித்துத் தேக்கடியில் ஒரு ரிசார்ட் அடுப்படியில் வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளைக்காரர்களுக்கு இத்தாலி, பிரெஞ்சு என்று என்னென்னவோ சமைப்பாளாம். அண்ணன் சொல்ல மாட்டார், ஆனால் அவள் பேச்சு எடுத்தால் மீசை லேசாக அசையும்.

2002-இல் கூடவே சமைக்கும் சஜி என்ற மலையாளத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்குப் போன் வந்தது. அண்ணன் கத்தவில்லை, ஒன்றையும் தூக்கி எறியவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு முறை கோழி வாங்க வந்தவர், நான் கேட்காமலேயே சொன்னார்.

“மலையாளத்தானா இருந்தா என்ன அன்னத்தாயி. படிக்கப் போறேன்னு மொதல்ல எங்கிட்டத்தான சொன்னா. இத ஏன் சொல்லல?”

அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஆறு வருசம் உட்கார்ந்திருந்தார். மகள் குடியிருந்த குமுளி என்ன லண்டனா? காலை பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அவர் பெண்சாதி மொக்கம்மாள் மதினி முருங்கைக்காயைக் கட்டிக்கொண்டு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மலை ஏறிப் போய்த்தான் வந்தாள். அவர் தடுக்கவும் இல்லை, கூடப் போகவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் பகை என்றால் அந்த வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் பகை முடிந்தது, அதற்குப் பிறகு பழசை யாரும் கிளறக்கூடாது. 2008 ஐப்பசியில் மதினி ஒரு நாள் அவர் முதுகைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள், மகள் ஒரு வேளை தன் கையால் சமைத்துப் போட ஆசைப்படுகிறாள் என்று. அவர் திரும்பாமலே, “வரச் சொல்லு. செவ்வாக்கெழம மத்தியானம் வீட்லயே சாப்பிடுறேன்” என்றாராம். மதினி என் கடைக்கு ஓடி வந்து அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கை நனைக்கப் போகிறார்!

ஜோதி திங்கட்கிழமையே வந்துவிட்டாள். செவ்வாய் சாயங்காலம் வேலைக்குத் திரும்ப வேண்டும். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் கனத்த பீங்கான் சட்டி, அதைச் சுற்றிக் கரண்டில் சூடாகும் உறை, மேலே கண்ணாடி மூடி. ரிசார்ட்டில் மாதக்கணக்கில் தங்கிய ஒரு இங்கிலாந்து அம்மா ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். அன்று வேலை முடிந்து வந்த அண்ணன் மகளை ஒரு பார்வை பார்த்தார். கையில் இருந்த பன்னீர் திராட்சைப் பொட்டலத்தை அடுப்படி வாசலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவளுக்குச் சின்ன வயசிலிருந்து அது உயிர். அவர் நேராக வந்தது என் கடைக்கு.

“நாளைக்கு ஒம்பதுலருந்து அஞ்சு வரைக்கும் கரண்டு இருக்காது. தண்ணி பிடிச்சு வச்சுக்க.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் விடிந்ததும் ஜோதி தொடைக்கறி வாங்க வந்தாள்.

“என்னடி ஆக்கப் போற?” என்றேன்.

“இத்தாலிக் கோழி, அத்தை. ரொம்ப லேசு. தக்காளி, வெங்காயம், பூண்டு, குடமிளகாய், கறி எல்லாத்தையும் சட்டிக்குள்ள அடுக்கி மூடிற வேண்டியதுதான். தண்ணிகூட ஊத்த வேண்டாம். ஏழு மணி நேரத்துல தானா வெந்துரும்.”

“ஏழு மணி நேரமா? அதுக்குள்ள கோழி முட்ட போட்டு அடகாத்துக் குஞ்சே பொரிச்சிருமே! பேசாம ஒங்கம்மா மாதிரி ஒரு கொழம்பு வையேன்.”

அவள் சிரித்தாள். “கொழம்புன்னா அம்மா வச்சதுன்னு நெனச்சுத் தின்டுருவாக. இது என் கைன்னு அப்பாவுக்குத் தெரியணும். அதோட, அடுப்படியில வேத்து விறுவிறுத்துக் கெடக்காம, அவுக சாப்பிடுறப்ப முன்னால ஒக்காந்து பாக்கணும்.”

அது கரண்டில் வேகிற சட்டி என்று எனக்கு அப்போது தெரியாது. ஏழு மணிக்கு அதற்குக் கரண்டைப் போட்டுவிட்டாள். ஒரு டப்பாவில் காய்ந்த இலைத்தூள் கொண்டுவந்திருந்தாள், கற்பூரவள்ளியின் வாசம். இத்தாலியில் இதற்கு ஒயின் ஊற்றுவார்களாம். அப்பா வீட்டில் அது ஆகுமா? அவர் வைத்துவிட்டுப் போன திராட்சையையே பிழிந்து ஊற்றியிருக்கிறாள். மூடியைத் திறந்தால் சூடு போய்விடும் என்று அம்மாவைக்கூடக் கிட்டே விடவில்லை.

அண்ணன் காக்கிச் சட்டையோடு அடுப்படி வாசலில் நின்று காபி குடித்தார். சட்டியில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்தார். சுவரில் ஒயர் சொருகியிருப்பதைப் பார்த்தார். மத்தியானம் ரெண்டு மணிக்குத் தயாராகிவிடும் என்று ஜோதி அம்மாவிடம் சொல்வதுபோல அவருக்குக் கேட்கச் சொன்னாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மதினி பிறகு சொன்னதுதான் இதெல்லாம்.

ஒன்பதுக்குக் கரண்டு போனது. தெருவில் அத்தனை வீட்டிலும் குடத்தில் தண்ணீர் இருந்தது. தெரியாதது அந்த ஒரு வீட்டுக்குத்தான். வயர்மேன் வீட்டில் போய் இன்றைக்குக் கரண்டு இல்லை என்று யாராவது சொல்வார்களா? மற்ற மாதமெல்லாம் மதினியிடம் அவர் சொல்லிவிடுவார். இந்த முறை மகள் இருந்த அடுப்படிக்குள் அவர் காலே வைக்கவில்லை.

பதினொரு மணி வாக்கில், எப்படித்தான் மணக்கிறது பார்ப்போம் என்று அங்கே போனேன். போயிருக்கக் கூடாது. ஜோதி சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள்.

“ரெண்டு மணி நேரம் ஆச்சுல்ல அத்தை, இப்ப வந்துரும்” என்றாள். அந்தச் சமயத்தில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்டு கட் இருந்ததால் அப்படி நினைத்திருக்கிறாள்.

“எங்கிட்டு வருது? இன்னைக்கி மாசக் கட்டுடி. அஞ்சு மணிக்குத்தான்.”

“ஒங்களுக்கு யாரு சொன்னா?”

அப்போதாவது நான் பேப்பரில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதிலும் போட்டிருந்தார்கள். எனக்குத்தான் அந்த யோசனை வரவில்லை.

“ஒங்கப்பாதான். நேத்துச் சாயங்காலமே கடைக்கு வந்து சொன்னாகளே.”

அவள் முகம் போன போக்கை எப்படி எழுதுவது? அழவில்லை. “காலையில இங்கனதான நின்னாக” என்றாள். “இதப் பாத்துக்கிட்டேதான காப்பி குடிச்சாக.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது எதிர்வீடு.

“கேஸ் அடுப்புல தூக்கி வச்சா அரை மணியில வெந்துரும் ஆத்தா” என்று மதினி கெஞ்சினாள்.

“வெந்துரும்மா. யாரு சாப்பிடுறதுக்கு?”

துணியை மடித்துப் பையில் வைத்தாள். பன்னிரண்டே கால் பஸ்ஸில் போய்விட்டாள். சட்டியை எடுக்கவில்லை.

போன பிறகாவது நான் என் வீட்டைப் பார்த்துப் போனேனா? இல்லை. மூடியைத் திறந்து விரலை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு. கோழிக்கறி அரைச்சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் ஆகாது, கொட்டிவிடு என்று மதினியிடம் சொன்னேன். தொழில் தெரிந்தவள் சொல்கிறாளே என்று அவளும் கொல்லையில் குழி பறித்துக் கொட்டி மூடிவிட்டாள்.

ஒன்றரை மணிக்குக் கரண்டு வந்தது. ஐந்து மணிக்கு வர வேண்டியது. ஏன் வந்தது என்று அப்புறம்தான் கூட வேலை பார்த்த பலவேசம் சொன்னான். அன்றைக்கு ஒச்சாண்டி அண்ணன் டீக்குக்கூட இறங்கவில்லையாம். கம்பியில் உரசும் மரக்கிளைகள், நாலு ஆள் வெட்டுகிறதை ஒரே ஆளாக வெட்டியிருக்கிறார். யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர், எங்கள் ஊர் லைனை மட்டும் முன்னாலேயே விட்டுவிடும்படி அதிகாரியிடம் கைகூப்பிக் கேட்டிருக்கிறார். வீட்டில் விசேஷம் என்றாராம்.

டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்கினார். சட்டை முழுக்க இலையும் தூசியும். கையைக் காலைக் கழுவிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய், ஆறு வருசமாகக் கால் வைக்காதவர் போல மெதுவாக எட்டிப் பார்த்தார். சட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

“எங்க?” என்றார்.

“போயிட்டா” என்றாள் மதினி.

தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அவ செஞ்சதப் போடு.”

மதினி என்னைப் பார்த்தாள். கொட்டச் சொன்னது நான்தான் என்று நானே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆற்றாமை பொங்கிவிட்டது.

“தெருவுக்கெல்லாம் சொன்னீகளே அண்ணே. பெத்த புள்ளைகிட்டச் சொல்ல வாய் வரலையா?”

“வந்துச்சு அன்னத்தாயி. வாய் வரைக்கும் வந்துச்சு. ஆறு வருசம் கழிச்சுப் பேசுற மொத வார்த்தை, கரண்டு போகும்னா இருக்கணும்? சாப்பிட்டுட்டு, நல்லாருக்குத்தான்னு சொல்லணும்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள வேலைய முடிச்சுக் கரண்ட விட்டுறலாம்னு நெனச்சேன்.”

சொல்லாத சொல்லுக்கு விலையில்லை என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த வீட்டில் வந்து பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மதினி குமுளிக்குப் போய் இதையெல்லாம் சொன்னாள். அம்மா சமாளிக்கிறாள் என்று ஜோதி நினைத்துக்கொண்டாள். நானும் ஒரு தடவை போனேன். டீ போட்டுக் கொடுத்தாள், அப்புறம் பிறந்த குழந்தையைக் காட்டினாள், அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானே போய் நிற்க அண்ணனுக்குக் காலும் வரவில்லை. நாள் போகப் போகச் சொல்ல வேண்டியது கனத்துக்கொண்டே போனது. ஆறின கஞ்சி பழங்கஞ்சிதானே.

ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டார். மாசக் கட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குவார். எதிர்ப்படுகிறவர்களிடம் சொல்வது போய், பூட்டிய வீடென்றால் ஆள் வரும் வரை நிற்கிற அளவுக்கு ஆகிவிட்டது. “வயர்மேனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு, பேப்பர்லதான் போடுறாகளே” என்று தெருவில் கேலி பேசினார்கள். நான் பேசவில்லை.

2010-இல், அவர் ஓய்வு பெறும் மாதம், கடைசியாக ஒரு முறை அப்படிச் சுற்றிவிட்டு என் கடைக்கு வந்தார்.

“எல்லா வீட்டுக்கும் சொல்லியாச்சா அண்ணே?”

“ஒரு வீடு பாக்கி” என்றார். “ஒன் போன்ல அந்த நம்பர் இருக்கா?”

போட்டுக் கொடுத்தேன். என்னுடையது சைனா செட்டு, பேசுவது பக்கத்துக் கடை வரைக்கும் கேட்கும். “சொல்லுங்க அத்தை” என்றாள் ஜோதி. அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“ஆத்தா, நான் அப்பா பேசுறேன். நாளைக்கு ஒம்பதுலருந்து அஞ்சு வரைக்கும் கரண்டு இருக்காது.”

குமுளிக்குக் கேரளத்துக் கரண்டு. அது அவருக்குத் தெரியாதா? மலைக்கு அந்தப் பக்கத்துக் கம்பி எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியும். அவள் போனை வைத்துவிட்டாளோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

“அன்னைக்கிச் சொல்லிருந்தா அடுப்புல வச்சிருப்பேன்ப்பா” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். போனில் தலையாட்டினால் அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்கண்ணே, எதையாவது சொல்லுங்கண்ணே என்று நான் சைகை காட்டிக்கொண்டே இருந்தேன். அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார், அவள் வைக்கும் வரைக்கும்.